இறங்காத வாழைப்பழம்

காலை நாலே முக்காலுக்கு அவளுடைய கணவர் அவித்த முட்டை இரண்டையும் ஒரு வாழைப்பழத்தையும் தட்டில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரில் நின்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டிலும் அதே புத்திதான். ஆறு மணிக்கு ஜிம்மில் எடை தூக்க வேண்டுமென்றால் எப்போது சாப்பிட வேண்டும், செரிக்க எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்.

“வாயில போடும்மா. நேரம் போகுது.”

“போற வழியில சாப்பிட்டுக்கறேங்க.”

“நேத்தும் இதையேதான் சொன்னே.”

“நேத்தும் சாப்பிட்டேனே!”

பொய். வாழைப்பழத்தில் ஒரு கடி கடித்தாலே அது நெஞ்சுக்குழியில் போய் உட்கார்ந்துகொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் அடம்பிடித்தது. அவள் முட்டைகளை ஒரு கவரில் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் ஒரு கறுப்பு நாய் அவளுக்காகவே வாலாட்டிக்கொண்டு நின்றது.

அவள் ஆம்புலன்சில் நர்ஸ். பதினோரு வருட சர்வீஸ். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து கனத்த உடம்புக்காரப் பெரியவர் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். கீழ்ப்பக்கம் டிரைவர், மேல்பக்கம் அவள். படி திரும்புகிற இடத்தில் அவள் பக்கம் நழுவியது. டிரைவர் முட்டுக்கொடுத்துத் தாங்கியதால் ஸ்ட்ரெச்சர் உருளவில்லை. ஆனால் பெரியவரின் தோள் சுவரில் மோதிக் கன்றிப்போனது. அவருடைய மகள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

விசாரணையில் அவள் வாய் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். “என் மேலதான் சார் தப்பு. கால் வழுக்கிருச்சு. அந்த ஆட்டத்துலதான் அவ கை விட்டுப்போச்சு.” அவருக்கு ஒரு மெமோ. இரண்டு பேருக்கும் மறுபடியும் உடல்வலுப் பரீட்சை. தேறும்வரை வண்டியில் ஏற முடியாது.

அன்றிலிருந்துதான் இந்த ஜிம். அங்கே பயிற்சி கொடுப்பவர் எதற்கெடுத்தாலும் “மூச்சு, மூச்சு” என்பார். எல்லோரும் அவரை மூச்சு மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். முதல் இரண்டு சுற்று எடையை அவள் உரித்த வாழைப்பழம் மாதிரி சுலபமாகத் தூக்கிவிடுவாள். மூன்றாவதில் காது அடைக்கும். நான்காவதில் எதிர்ச் சுவரில் இருக்கிற கண்ணாடி தூரமாகப் போகும். அன்றும் கம்பியைத் தொப்பென்று போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“என்ன சாப்பிட்டீங்க?” என்றார் மாஸ்டர்.

“ரெண்டு முட்டை.”

“முட்டை சாப்பிட்ட மூஞ்சியா இது? நாளைக்கும் இப்படி வந்தீங்கன்னா கம்பியைத் தொட விடமாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் பால் வாங்கக் கடைக்குப் போனார். கறுப்பு நாய் அவரை விடவே இல்லை. முன்னால் ஓடியது, மறித்தது, அவர் கையில் இருந்த கவரை முகர்ந்து பார்த்தது. பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் சிரித்துவிட்டார்.

“கவரைப் பார்த்தா விடாது சார். உங்க வீட்டு முட்டையில வளர்ந்த உடம்பு அது. அக்கா தினமும் ரெண்டு போடுவாங்களே!”

வீட்டுக்கு வந்தவர் பால் பாக்கெட்டை மேசையில் வைத்தார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்திவிட்டுத் தப்பித்திருப்பாள்.

“அஞ்சு வாரம்,” என்றார். “தினம் ரெண்டு. எழுபது முட்டை.”

“இதுலயும் கணக்கா?”

“வேற என்ன தெரியும் எனக்கு? உனக்குப் பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே.”

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்றாள், துணி மடிக்கப் போனாள், பாதியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கடைசியில் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அன்னிக்குப் படியில டிரைவர் அண்ணன் கால் வழுக்கலைங்க. என் கண்ணு இருட்டிருச்சு. மூணு நாளா டீயைத் தவிர ஒண்ணும் சாப்பிடல.”

“ஏன்?”

“யூனிஃபார்ம் பேன்ட் பட்டன் போட முடியல. ஸ்டோர்ல போய்ப் பெரிய சைஸ் கேக்க வெக்கமா இருந்துச்சு. பட்டினி கிடந்தா சரியாப் போயிடும்னு நினைச்சேன்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது அற்பமாகக் கேட்டது. ஒரு பட்டனுக்காக ஒரு மனிதரைப் படியில் போட்டிருக்கிறாள்.

வாத்தியார் பால் பாக்கெட்டை எடுத்து பிரிட்ஜில் வைத்தார். பிறகு, “அண்ணன்கிட்ட சொன்னியா?” என்றார்.

“இல்ல.”

“அப்போ முட்டை மேல தப்பில்ல. அதைச் சொல்லாம உனக்கு எதுவும் இறங்காது,” என்றார்.

அன்று முழுக்க அவள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். திங்கட்கிழமை டிரைவருக்கு மூன்று தடவை அழைப்புப் போட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பரீட்சை. ஏழு மணிக்கு வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் வரச்சொல்லியிருந்தார்கள். அவள் ஆறரைக்கே போய்விட்டாள். டிரைவர் ஆம்புலன்சின் பின்படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் நாலு துண்டு காகிதத்தில் இருந்தது.

“வா தங்கச்சி. ஆபீசர் வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். சாப்பிட்டியா?”

“அண்ணே, ஒண்ணு சொல்லணும்.”

சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. படி, கண் இருட்டு, மூன்று நாள் பட்டினி, பட்டன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். டிரைவரின் மென்று கொண்டிருந்த வாய் நின்றது.

“நான் வழுக்கவே இல்லையா?”

“இல்லண்ணே.”

“ஆறு வாரமா என் காலையே நான் திட்டிக்கிட்டு இருந்தேன். வயசாயிருச்சு, இனிமே மாடிப்படிக்கு லாயக்கில்லன்னு வீட்ல சொல்லிட்டேன். பிடிமானம் வேணும்னு இந்த ஷூவ வாங்கினேன். பாரு!” காலைத் தூக்கிக் காட்டினார். “நீ பார்த்துக்கிட்டே இருந்தே?”

அவர் எழுந்து வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். மறுபடியும் ஒரு தடவை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் போகவில்லை.

மூன்றாவது சுற்றில் அவர் நின்று, காகிதத்தோடு ரொட்டியை எடுத்து அவள் கையில் திணித்தார்.

“தின்னு.”

“வேணாம்ணே...”

“உன் மேல பாசத்துல குடுக்கல. மறுபடியும் உன் கண்ணு இருட்டுச்சுன்னா கீழ நிக்கப் போறவன் நான். தின்னு!”

அவள் தின்றாள். வெண்ணெய்கூடத் தடவாத காய்ந்த ரொட்டி. முதல் துண்டு தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கியது, ஆனால் இறங்கியது. நாலு துண்டையும் தின்று, குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாட்சை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

எண்பது கிலோ மணல் பொம்மையை ஸ்ட்ரெச்சரில் கட்டி, நாலு மாடி இறக்க வேண்டும். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்பதைத் தவிர டிரைவர் வேறு எதுவும் பேசவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் கை வியர்த்தது. பார்வை போகவில்லை. சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்புகூடத் துல்லியமாகத் தெரிந்தது. கீழே வந்து இறக்கி வைத்ததும் ஆபீசர் தாளில் டிக் போட்டார்.

“தேறியாச்சு. போங்க.”

“போக மாட்டா சார்,” என்றார் டிரைவர். “எழுதிக் குடுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு.”

அவள் அங்கேயே, படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினாள். டிரைவரின் மெமோவை இரண்டு நாளில் ரத்து செய்தார்கள். அவளை இரண்டு மாதம் கண்ட்ரோல் ரூமில் போன் எடுக்கப் போட்டார்கள். “ஸ்டோர்ல எல்லா சைஸும் இருக்கேம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்று மட்டும் ஆபீசர் கேட்டார். அது மெமோவைவிட வலித்தது.

கண்ட்ரோல் ரூமில் நாற்காலி இருந்தும் அவள் நின்றபடிதான் போன் எடுத்தாள். டிரைவர் லைனில் வந்தால் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. வண்டி நம்பர், இடம், நேரம், அவ்வளவுதான். மூன்றாவது வாரம், நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகத் தகவல் சொன்னவர் லைனைத் துண்டிக்காமல் இருந்தார்.

“அண்ணே?” என்றாள்.

“உன் இடத்துக்கு வந்திருக்கானே, ரொம்பப் பேசறான். தலை வலிக்குது,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் ரிசீவரைக் கையில் பிடித்தபடி வயர் எட்டும் தூரம் வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். அடுத்த லைன் அடித்தது.