ஐனெஸ் வீட்டு நிலவறை

ஐனெஸ் வீட்டுச் சுவரில் பதிக்கும் வட்டமான நினைவுப் பலகையில் என்ன எழுதுவது என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். எனக்கு எண்பத்து நாலு வயது. முட்டி ரெண்டும் என் பேச்சைக் கேட்டு வருஷக்கணக்காகிறது. இருந்தாலும் போனேன். போகாவிட்டால் ஐனெஸைப் புனிதவதியாக்கிச் சுவரில் அறைந்துவிடுவார்கள்.

அக்டோபர் வந்தால் போதும், கறுப்பர் வரலாற்று மாதம் என்று பிரிட்டனுக்கு எங்கள் ஆட்கள் ஞாபகம் வந்துவிடும். பிரிஸ்டலில் பஸ் கம்பெனியை எதிர்த்து நின்றவர்களுக்குப் பலகை, கார்டிஃபில் ஒரு தலைமை ஆசிரியைக்குச் சிலை. லீட்ஸில் எங்கள் சாப்பல்டவுன் பக்கம் இந்த வருஷம் ஐனெஸ் நிஸ்பெட்டின் முறை. கரீபியக் கடலில் நெவிஸ் தீவுக்காரி. 'கறுப்பர்களுக்கு அறை இல்லை' என்று ஜன்னலில் அட்டை தொங்கிய காலத்தில், கப்பலை விட்டு இறங்கியவர்களுக்கெல்லாம் தன் வீட்டில் இடம் கொடுத்தவள். நானும் ஒரு பெட்டியும் கையுமாக அவள் கதவைத் தட்டியவள்தான்.

கமிட்டித் தலைவர் ஜெர்வெய்ஸ் ஓய்வுபெற்ற வாத்தியார். கண்ணாடியை மூக்கில் இறக்கி வாசித்தார். "ஐனெஸ் நிஸ்பெட் இங்கே வாழ்ந்தார். இடமற்றவர்களுக்கு இடம் தந்தார். இந்த வீட்டு நிலவறையில் ஜெபக்கூட்டம் நடத்தினார்."

"எங்கே நடத்தினா?" என்றேன்.

"நிலவறையிலதான், அத்தை." பதில் சொன்னது ஐனெஸின் மகள் வின்னெட். ஊதாத் தொப்பி, ஊதாக் கையுறை. பெந்தெகொஸ்தே சபையில் பெரிய கை.

"ஜெபம் நடந்தது முன்னறையில. நிலவறையில நடந்தது டான்ஸ். அதையும் போடுங்க."

"அந்த வார்த்தை வந்தா பலகையே வேண்டாம்!" வின்னெட் எழுந்துவிட்டாள். "குடும்பம் சம்மதிக்காம ஒரு ஆணி அடிக்க முடியாது. அம்மா வீட்டைச் சாராயக் கடை ஆக்காதீங்க."

"சாராயம் இல்லடி, ரம். நல்ல ரம்."

ஜெர்வெய்ஸ் பாவம், டீ குடிக்கலாம் என்று எல்லோரையும் கலைத்தார்.

எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். ஊரிலிருந்த நடனக் கூடங்கள் எங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பின. வாரமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து, வாங்காத பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு வருவேன். சனிக்கிழமை ராத்திரி ஐனெஸ் தன் நிலவறைக் கதவைத் திறப்பாள். ரெக்கார்டு போட்டால் ஞாயிறு விடியும்வரை ஆட்டம். என் புருஷனை அங்கேதான் பார்த்தேன். அந்த நிலவறை இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அதை எப்படி மறைப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

ஆனால் வின்னெட்டுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் என் தொண்டையில் முள். வருஷா வருஷம் சபையில் அவள் சொல்கிற சாட்சி ஊருக்கே தெரியும். ஏழு வயதில், ஒரு ஞாயிறு காலை, பெரியம்மா வீட்டிலிருந்து வந்தவளை அம்மா நிலவறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே சுவரெல்லாம் வேர்த்து வழிந்தது. ஜனங்கள் நனைந்த சட்டையோடு, கண்மூடிக் கையுயர்த்தி நின்றார்கள். அம்மா பாடச் சொன்னாள். பாடினாள். அபிஷேகம் இறங்கியது, அன்றே ரட்சிக்கப்பட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சபைகளில் ஆவி இறங்கினால் ஆட்கள் அச்சு அசலாக அப்படித்தான் இருப்பார்கள். சனிக்கிழமைகளில் பெரியம்மா வீட்டில் தூங்கிய பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்?

வின்னெட் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். போய்க் கதவைச் சாத்தினேன்.

"வின்னெட், அன்னைக்கு நானும் அங்கே இருந்தேன்."

"தெரியும். நீங்கதான் எல்லாரையும்விடச் சத்தமாப் பாடினீங்க."

"ஏன் பாடினேன்னு தெரியுமா? பாவாடைக்கு அடியில ரம் பாட்டில். அதுமேல உக்காந்திருந்தேன்."

அவள் திரும்பவில்லை. நான் ஆரம்பித்துவிட்டேன், இனி நிறுத்த முடியாது.

"லைசென்ஸ் இல்லாம ரம் விக்கிறோம்னு யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க. வாசல்ல போலீஸ். கைதானா என் பஸ் வேலை போயிடும், பாதிப் பேருக்கு அதே கதிதான். அந்த நேரம் பார்த்து நீ வந்தே. ஞாயிற்றுக்கிழமை கவுன், வெள்ளை சாக்ஸ். உங்கம்மா உன்னை ஒரே இழுப்பா இழுத்துப் படிக்கட்டுல எங்க எல்லாருக்கும் முன்னாடி நிறுத்தி, 'பாடுடி'ன்னா. பாட்டுப் போடுற கார்ல்டன் ரெக்கார்டை நிறுத்தினான். நீ பாடினே. நாங்களும் பாடினோம். வந்தவன் தொப்பியைக் கழட்டிட்டு நின்னான், பாட்டு முடிஞ்சதும் போயிட்டான். அவ்வளவுதாம்மா நடந்தது."

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குழாயை மூடினாள்.

"போலீஸ் கையில தடி இருந்துச்சா?"

"இருந்துச்சு. நாயும் இருந்துச்சு."

"எனக்கு நாய் ஞாபகம் இருக்கு, அத்தை. நாயும் ஜெபத்துக்கு வந்திருக்குன்னு நெனச்சேன்." கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த பிறகும் துடைத்தாள். "அவங்க அடிக்க ஆரம்பிச்சிருந்தா, முதல் அடி எனக்குத்தானே?"

கர்த்தரைப் பற்றிக் கேட்பாள், பாவத்தைப் பற்றிக் கேட்பாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "ஆமாம்" என்றேன்.

"சபையில சொல்லாத ஒண்ணு இருக்கு. எனக்குன்னு வெச்சிருந்தேன்." குரல் இறங்கிவிட்டது. "பாடி முடிக்கிற வரைக்கும் அம்மா பின்னாடி நின்னாங்க. ரெண்டு கையும் என் தோள்மேல. கை கிடுகிடுன்னு நடுங்கிச்சு. ஆவியானவர் அம்மாமேல இறங்கிட்டார்னு நெனச்சேன். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும், மனசு உடையும்போதெல்லாம் அந்த நடுக்கத்தைத்தான் நெனச்சுப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே கிழவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவளைத் தொடப் போனேன். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைத் தாண்டி வெளியே போனாள்.

கூட்டம் மறுபடி கூடியது. யாரும் டீயைக்கூட முடிக்கவில்லை. வின்னெட் உட்காராமல் நின்றாள்.

"எழுதிக்கோங்க. சனிக்கிழமை நடனம், ஞாயிற்றுக்கிழமை ஜெபம். ரெண்டுக்கும் இந்த வீட்டுல இடம் கொடுத்தாங்க."

ஜெர்வெய்ஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா, சிஸ்டர்?"

"நிச்சயமா. இன்னொண்ணும் சேர்க்கணும். ரொம்பப் பயந்தாங்க, ஆனா பிள்ளை தோள்ல இருந்து கையை எடுக்கலை. அதுக்கு இடம் இருக்கா?"

அவர் தாளின்மேல் பேனாவை வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்திப் பார்த்தார். வட்டம் சின்னது.

"இல்லையேம்மா."

"பரவாயில்லை," என்றாள் வின்னெட். "அதை நான் சபையில சொல்லிக்கிறேன்."