தகட்டில் எழுதியிருப்பது

கடைக்காரர் இரண்டு எஞ்சின் ஆயில் டப்பாக்களை மேசைமேல் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எது வேண்டும் என்று அவர் கேட்டதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். நான் அஞ்சு முப்பது என்றேன். என் கணவர் இருபது அம்பது என்றார். முதல் எண், குளிர்ந்து கிடக்கும்போது எண்ணெய் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது, சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இந்த அளவுக்கு நானும் படித்து வைத்திருந்தேன். கடைக்காரருக்கு எங்களைப் போன்ற தம்பதிகள் பழக்கம் போலிருக்கிறது.

"வீட்ல பேசி முடிச்சுட்டு வாங்கம்மா. ஆயில் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார்.

கார் என்னுடையது. அதைச் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுநர் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறேன். ஓட்டியவர்கள் எல்லாம் மாணவர்கள். நான் பக்கத்து இருக்கையில், எனக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு, பேருந்துகளையும் தெருநாய்களையும் அவர்களுக்குப் பதிலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதுக்கு மேல் வேக முள் ஏறினால் என் கால் தானாக அழுத்தும். ஐம்பத்தைந்து வயதில் ஒருநாள், எனக்கென்று ஒரு வண்டி வேண்டும், அதில் ஒரே ஒரு பிரேக்தான் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு புகைப்படக்காரர் விற்ற பதினோரு வயது ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். இரண்டே கதவு, தரையோடு தரையாக உட்காரும் உடம்பு, அடர்ந்த நீலம். மகள் போனில் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள். என் கணவர் நேராகப் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அவர் முப்பத்தொரு வருடம் பெரிய டீசல் ஜெனரேட்டர்களோடு வாழ்ந்தவர். ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் மின்சாரம் போனால் முதலில் போன் வருவது அவருக்குத்தான். ஒவ்வொரு ஜெனரேட்டரின் வயிற்றிலும் ஒரு தகடு அறைந்திருக்கும். எந்த எண்ணெய், எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அதில் இருக்கும். அதை மீறி ஒரு சொட்டு ஊற்ற மாட்டார். விலை குறைந்த எண்ணெயை ஊற்றச் சொன்ன ஒரு முதலாளியிடம், செஞ்சவனுக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த மனிதர். ஆனால் என் காரில் எண்ணெய் ஊற்றும் மூடிமேல் இருந்த எழுத்து தேய்ந்து அழிந்துவிட்டது. தகடு இல்லாத இடத்தில் அவருக்குத் தன் கை சொல்வதுதான் வேதம். அவர் கைக்குத் தெரிந்ததெல்லாம் கெட்டி எண்ணெய்.

"காலையில ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு அடிக்குது பாரு டீச்சர். உள்ள தேஞ்சிருக்கு. கெட்டியா ஊத்தினா அமுங்கிடும்."

கல்யாணமாகி, நான் வேலைக்குப் போன நாளிலிருந்து அவருக்கு நான் டீச்சர்தான். காரோடு வந்த கையேட்டை நான் எடுத்துக் காட்டினேன். காபி கொட்டி ஒட்டிப்போயிருந்த பக்கங்களை ஆவியில் காட்டிப் பிரித்து, எண்ணெய் பற்றிய பக்கத்தைக் கண்டுபிடித்திருந்தேன். அஞ்சு முப்பது என்று தெளிவாக இருந்தது. இந்த எஞ்சினில் வால்வுகள் எந்த நொடியில் திறக்க வேண்டும் என்பதையே எண்ணெயின் அழுத்தம்தான் முடிவு செய்கிறது; அதற்காக ஊசி நுழையும் அளவுக்குச் சின்னச் சின்ன வழிகள் இருக்கின்றன; கெட்டி எண்ணெய் அங்கே நேரத்துக்குப் போய்ச் சேராது. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். "அது புது வண்டிக்கு எழுதினது" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

டிக் டிக் சத்தம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய இதயத்தில் ஒரு வால்வைக் கழற்றிவிட்டு உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். அறையில் மின்விசிறி நின்றால் அது கேட்கும். மெல்லிய, சுத்தமான சத்தம், சின்னக் கைக்கடிகாரம் மாதிரி. முதல் மாதம் எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது அது கேட்காவிட்டால்தான் தூக்கம் வராது. அந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக தினமும் ஒரு மாத்திரை. மாதம் ஒருமுறை விரல் நுனியில் குத்தி, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஒரு எண் பார்ப்பார்கள். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். கடைக்குப் போவதற்கு முந்தின வாரம் பார்த்தபோது ஒன்று புள்ளி எட்டு. செவிலியர், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். "போடறேன்" என்றார் இவர், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால், நான் கீரைமேல் பழியைப் போட்டேன். அவர்களும் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி எழுதிக்கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அன்றிலிருந்து வீட்டில் கீரை இல்லை. பாவம் கீரை.

கடைக்குப் போய்வந்த வாரமே, வியாழக்கிழமை மாலை ஒரு மாணவிக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் காரின் முன்பக்கம் ஜாக்கியில் நின்றிருந்த அடையாளம் தெரிந்தது. இவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பரிசு வாங்கியவர் மாதிரி நின்றார். சுவரோரம் இருபது அம்பது காலி டப்பா.

"ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

பண்ணினேன். டிக் டிக் இல்லை. எஞ்சின் கம்பளி போர்த்திக்கொண்டது போல் அடங்கிக் கிடந்தது. "சத்தம் நின்னுடுச்சு பாத்தியா?" என்று குனிந்து என் முகத்தைப் பார்த்தார். எனக்காகத்தான் செய்திருக்கிறார், அது தெரிந்ததால் கோபத்தை விழுங்கிக்கொண்டு தெரு முனைவரை ஓட்டினேன். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. முனையில் திரும்பும்போது எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன்.

"சத்தம் நின்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமாங்க? உள்ள போக வேண்டிய எடத்துக்கு எண்ணெய் போகல. அதான் விளக்கு."

"தண்ணியா இருந்தா எதுக்குமே வலு இல்ல டீச்சர்" என்றார். குரலில் ரோஷம் ஏறியிருந்தது. "என் உடம்புலயே பாத்துட்டேன். ஷேவ் பண்றப்போ சின்னக் கீறல். அரை மணி நேரம் நிக்கல. துண்டு நனைஞ்சு போச்சு. ரத்தத்தைத் தண்ணியாக்கி வெச்சா மனுஷன் எப்படி நிப்பான்? ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடறேன். இப்ப பாரு, வண்டிக்கு அடியில நானே படுத்து நானே எந்திரிச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அவர் கண் தானாக ஸ்பேனர் பெட்டிப் பக்கம் போயிற்று. காரிலிருந்து இறங்கிப் போய், அதற்குள் வாஷர் போட்டு வைக்கும் சின்னத் தகரடப்பாவை எடுத்துத் திறந்தேன். இளஞ்சிவப்பு மாத்திரைகள் பாதி டப்பாவுக்கு இருந்தன. எறிய மனம் வரவில்லை போலும். எதையும் வீணாக்காத மனிதர்.

இருபத்திரண்டு வருடம் ஊரார் பிள்ளைகளுக்குப் பிரேக் போட்டவள். இவர் ஒரு மாதத்துக்கு மேலாகச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கத்தவில்லை. அவர் பக்கத்தில் போய், எண்ணெய்க் கறையோடு இருந்த அந்தச் சட்டைமேல் காதை வைத்தேன். தெருவில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். டிக். டிக். இருந்தது. சுத்தமாகவே இருந்தது.

"இந்தச் சத்தம் நிக்கக் கூடாதுங்க" என்றேன்.

அவர் அசையாமல் நின்றார். கை அழுக்கு என் புடவையில் படக் கூடாதென்று இரண்டு கைகளையும் விலக்கிப் பிடித்திருந்தார்.

உள்ளே போய் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எத்தனை நாள் விட்டார் என்று செவிலியர் கேட்டார், சொன்னேன், உடனே கூட்டிவரச் சொன்னார். பணத்தோடு வேறொன்றும் தேவைப்படுமே என்று கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்தேன். வால்வு அட்டை. அறுவைச் சிகிச்சை முடிந்த அன்று என் கையில் கொடுத்தது: வால்வின் அளவு, வரிசை எண், பொருத்திய தேதி; அடியில் மருத்துவர் கையெழுத்தில் அந்த எண், இரண்டரை முதல் மூன்றரை வரை. நான்கு வருடமாக அது என் பையில்தான் இருந்தது. தொலைத்துவிடுவார் என்று நான் அவரிடம் தரவே இல்லை. அவரும் கேட்டதில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு மறந்திருக்கும்.

டாக்ஸியில் ஏறியதும் அதை அவர் கையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டுவது போல நிதானமாகப் படித்தார். இருபத்தேழு மில்லிமீட்டர் என்பதை இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னார். விரலால் அந்த வரிசை எண்ணைத் தடவினார்.

"இது அதோட தகடா?"

"ஆமா."

"இவ்ளோ நாளா எங்க இருந்துச்சு?"

"என் பையிலதான். தப்பு என்னோடது."

அவர் மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "ரெண்டரைலேர்ந்து மூணரை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வால்வு சுத்தமாக இருந்தது. மருத்துவர் ஒரு பிடி பிடித்தார். கீறல் பட்டால் என்ன செய்ய வேண்டும், எப்போது ஓடி வர வேண்டும் என்று பொறுமையாகவும் சொன்னார். எண் ஏறும்வரை தினமும் வயிற்றில் ஊசி. ஆயிரம் கிலோ எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டவர், ஊசியைக் கண்டதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆறாம் நாள் இரண்டு புள்ளி ஆறு. இரண்டரையைத் தாண்டியதே தவிர நிம்மதியாக உட்கார இன்னும் இடம் போதாது என்றார் செவிலியர். அந்த எண்ணை என் கணவரே தன் கையால் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஜெனரேட்டர்களுக்குச் செய்வது போலச் சமையலறைச் சுவரில் ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள், "அஞ்சு முப்பது" என்றார். கீழே படுக்க இன்னும் சில நாள் போகட்டும் என்று நான் தடுத்ததால், நான் படுத்தேன். அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எந்தத் திருகு, எந்தப் பக்கம் என்று சொன்னார். கெட்டி எண்ணெய் தடித்த கயிறாக இறங்கி முடிந்தது. புதியதை அவரே ஊற்றினார். தேன் நிறத்தில், சத்தமில்லாமல் நழுவிப் போயிற்று. அவர் புனலைத் தூக்காமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக் டிக். மூன்று வினாடி. பிறகு அதுவாகவே அடங்கியது. மஞ்சள் விளக்கைப் பார்த்தேன், எரியவில்லை.

"அடிக்கட்டும்" என்றார். "எண்ணெய் மேல போய்ச் சேர்ற வரைக்கும் அடிக்கும்."

மேட்டுச் சாலையில் ஏறினோம். அழுத்தினால் போதும், கேட்டுக்கொண்டிருந்தது போல உடனே பாய்ந்தது. முள் எண்பதைத் தொட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் தரைவிரிப்பில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"தெரியும். நீ ஓட்டு."

மேட்டின் உச்சியில், கீழே ஊர் முழுக்கத் தெரிகிற திருப்பத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, மணி பார்த்து, ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்காதவள் போல் இருந்தேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டதும் காருக்குள் அமைதியாயிற்று. முன்னால் எஞ்சின் ஆறத் தொடங்கி டிக், டிக் என்றது. பக்கத்தில் அவருடையதும். கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்தே கேட்டன. பிறகு எஞ்சினுடையது இடைவெளி விட்டு விட்டு, மெல்ல நின்றுபோயிற்று. மற்றதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.