கால் பங்கு வெளிச்சம்

ரத்தினசாமி நீட்டிய அறிக்கையில் எண் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அளந்தவர் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

டெலிபோன் பேச்சைக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழையில் வெளிச்சமாக அனுப்ப முயன்றுகொண்டிருந்த ஆய்வுக்கூடம் அது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, 1978இல். முடியளவு இழைக்குள் வெளிச்சம் ஓடும், ஜெர்மேனியம் கலந்த கரு எத்தனை தடிமன் இருக்க வேண்டுமென்று வடிவமைத்தவள் எருத்தேன்பதிக்காரி பூவாத்தாள். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் வெளிச்சத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அறிக்கையோ கால் பங்கு என்றது.

கண்ணாடி செய்ய ஊதும் வாயுவில் இருந்த ஈரம்தான் காரணம். வாயுவை உலர்த்தும் கருவி கேட்டு மூன்று முறை எழுதினாள். வந்தது, விருந்தினர் அறைக்கு ஈட்டிமரப் பலகை பதித்த சுவர். உலைப் பக்கம் எட்டிப் பார்க்காத தலைவர் ரத்தினசாமி அந்தச் சுவரை மட்டும் தினமும் தடவிப் பார்த்தார்.

"ஒரு ஒப்புப் போடறதுதானே, அம்மிணி. டெல்லிக்காரங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

"நான் அளந்தது இது இல்லீங்க."

"நான் வேலைக்கு எடுக்கலைன்னா ஊர்ல தென்னைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருந்திருப்பே."

"தென்னை காய்ச்சாவது இருக்குமுங்க."

மறுநாள் டெல்லி அதிகாரிகள் வந்தார்கள். மேசையில், மாதிரிக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த இழைச்சுருள், கம்பெனிச் சீட்டு உரிக்கப்பட்டு இருந்தது. மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. ரத்தினசாமி தானே உருக்கி இழுத்தவர்போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இது நாங்க இழுத்தது இல்லீங்க. எங்களுது அந்த அலமாரியில இருக்குது" என்றாள் பூவாத்தாள்.

மூத்த அதிகாரி சிரித்தார். அது தங்களுக்கும் தெரியும், மேலே காட்ட ஓர் எண் இருந்தால் போதும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நேந்திரங்காய் வறுவல் தட்டை இழுத்துக்கொண்டார்.

இத்தனை நாள் ரத்தினசாமியைப் பெரிய கள்ளன் என்று நினைத்துப் பயந்திருந்தாளே! அந்த ஆள் வெறும் எடுபிடி. நொறுக்கித் தின்னும் அந்த வாய்களைப் பார்க்கப் பார்க்கப் பயம் போய்விட்டது.

"திங்கக்கிழமையிலிருந்து ஸ்டோர்ல போய் உக்காரு" என்றார் ரத்தினசாமி, அவர்களை ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்து.

"செரிங்க."

திங்களுக்கு மூன்று நாள் இருந்தது. பூவாத்தாள் உலைக்கூடத்துக்குப் போனாள். மிச்சமிருந்த ஒரே கண்ணாடித் தண்டை இழை இழுக்கும் கோபுர உச்சியில் மாட்டி, உலையின் சூட்டை ஏற்றினாள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்டின் நுனி இளகி, ஒரு சொட்டாகத் திரண்டு கழன்றது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் இழையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கீழே அவள் கையுறை மாட்டி நீட்டிய கையை நோக்கி இறங்கியது.