மை வைத்த பக்கம்

செல்போன் வாங்குகிறவன்கூட இவ்வளவு ஒப்பிட்டுப் பார்க்க மாட்டான். என் வீட்டுக்காரரின் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து என் கொழுந்தனுக்கு ஒரே பேச்சுதான்: லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா? இரண்டிலும் வயிற்றைக் கிழிப்பதில்லை, சின்னத் துளைகள்தான். ஒன்றில் டாக்டர் நீளமான கருவிகளைக் கையில் பிடித்துச் செய்வார். இன்னொன்றில் உட்கார்ந்த இடத்திலிருந்தே இயந்திரக் கைகளை ஆட்டுவிப்பார்.

"யார் செய்றாங்கங்கிறதுதான் முக்கியம். முடிவு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்," என்று முதல் ஆஸ்பத்திரி டாக்டர் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் கேட்டது வேறு. "வயித்துல பை வைக்காம முடியுமா டாக்டர்?"

அவர் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர். சட்டையில்லாமல், கழுத்தில் விசிலோடு தண்ணீரில் நிற்பதுதான் பிழைப்பு. மலம் நிறைகிற பையை ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் முன்னால் இறங்கவே மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

"உங்களுக்குத் தேவைப்படாது," என்றார் டாக்டர். கட்டி சின்னது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. துளை வழியாகச் செய்யும்போது கையால் தடவிப் பார்க்கவும் வழியில்லை. அதனால் கேமராக் குழாயை உள்ளே விட்டு, கட்டிக்குப் பக்கத்தில் குடல் சுவரில் கறுப்பு மை ஏற்றி அடையாளம் வைத்தார். தேதியும் குறித்தாயிற்று.

கொழுந்தன் ஒற்றைக் காலில் நின்றான். "ரோபோ கை நடுங்காது அண்ணி. அண்ணன் உயிரு. இருக்கறதுலயே நல்லதைப் பாக்க வேண்டாமா?" அதற்குமேல் வாயைத் திறந்தால் நான்தான் கெட்டவள். "தம்பி ஆசைப்படுறான், விடு," என்றார் இவரும். மை வைத்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மாறினோம்.

ஆபரேஷன் சொன்ன நேரத்தைத் தாண்டி இழுத்தது. வெளியே வந்த ரோபோ டாக்டருக்கு முகமே சரியில்லை. ஆனாலும் சுற்றி வளைக்கவில்லை.

"நாங்க எப்பவும் மையைக் கட்டிக்கு மேல்பக்கம் வைப்போம். அந்த ஆஸ்பத்திரில கீழ்ப்பக்கம் வெச்சிருக்காங்க. ரிப்போர்ட்ல எந்தப் பக்கம்னு போடல. நான் கேட்டிருக்கணும், கேக்கல. கட்டி கீழதான் இருக்கும்னு மைக்குக் கீழ இருந்த குடலை வெட்டி எடுத்துத் திறந்து பாத்தா, கட்டி அதுல இல்ல. மறுபடி மேலயும் எடுக்க வேண்டியதாப் போச்சு. கட்டியை முழுசா எடுத்தாச்சு. ஆனா மிச்சக் குடல் ஒட்டுப்போட எட்டல. பை வெச்சிருக்கோம்."

"கொஞ்ச நாளைக்கா?"

"நிரந்தரமா."

எந்தக் கை நடுங்கினால் என்ன, நடுங்காவிட்டால் என்ன? ஒரு போன் போட்டுக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! கொழுந்தனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. அவன் சுவரோரம் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். அழுகிறவனை எப்படி அறைவது?

அவர் கண் திறந்ததும் அவன்தான் முந்திக்கொண்டான். "தழும்பே தெரியாதுண்ணே. எல்லாம் சின்னச் சின்ன ஓட்டைதான்."

அவர் கை போர்வைக்குள் போனது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் தொட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார்.

"சரிடா, அழாத," என்று தம்பியிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் விசிலை வேற யாருக்காவது கொடுத்துடு."