மூன்றாவது எழுத்து

ரெப் சுந்தெல் எங்கள் கடையில் ஒரு புத்தகம்கூட வாங்கியதில்லை. அலமாரி ஓரமாக நின்றே படிப்பார், அச்சுப்பிழை கண்டுபிடிப்பார், என் கணவர் ஹெர்ஷெலை வம்புக்கு இழுப்பார், கிளம்பிவிடுவார். ஜெருசலேமில் பழைய மத நூல் விற்று யாரும் கோட்டை கட்டியதில்லை. இப்படி ஓசியில் படிக்கிறவர்களும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் அவர் வராத நாளில் ஹெர்ஷெலுக்குத்தான் சாப்பாடு இறங்காது.

இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது பரம்பரைப் பகை. ஹெர்ஷெல் ஸபோலின் என்ற ஊரின் ஹசித், ஆடிப் பாடி ஆண்டவனைத் தேடும் யூதப் பிரிவு. அந்த ஊரைப் போர் விழுங்கிவிட்டது. மிச்சம் இங்கே முப்பது குடும்பமும் ஒரு சின்ன ஜெபக்கூடமும். சுந்தெல் அதே ஊரில் ராபியாக, சட்டம் சொல்லும் மதத்தலைவராக இருந்த அவிக்தோரின் வம்சம். அந்த ராபிக்கு ஹசித் என்றாலே ஆகாது. ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், கபாலா என்னும் மறைஞான ரகசியத்தைக் கடைத்தெருவில் பேசுகிறார்கள் என்று கொதித்தவர். ஒருநாள் எங்கள் முதல் குரு, ரெப்பே மெயிர்லெயிப் வீட்டுக்குள் நுழைந்து, புதிதாக அச்சாகி வந்திருந்த கபாலா உரை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனார். ஒரு வருடம் கழித்துத் திருப்பி அனுப்பினார். அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் வாயை மூடிக்கொண்டு அனுப்பினார் என்பது எங்கள் கதை. பக்கத்துக்குப் பக்கம் குறை கண்டுபிடித்தே அனுப்பினார் என்பது சுந்தெல் வீட்டுக் கதை.

புத்தகம் திரும்பி வந்தபின் ரெப்பே அதன் ஓரங்களில் சில இடங்களைக் குறித்துவைத்தார். ஷின், கோஃப் என்று இரண்டே எபிரேய எழுத்து. 'ஷபாத் கோதேஷ்', புனித ஓய்வுநாள் என்பதற்கு நாங்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட எழுதும் சுருக்கம். ஷபாத்தில் ஓதவேண்டிய பகுதிகள் என்று அர்த்தம். அவற்றை மட்டும்தான் அவர் ஷபாத்தின் மூன்றாம் சாப்பாட்டில், பொழுது சாயும் நேரத்தில் ஓதுவார். போரில் புத்தகம் காணாமல் போனது. குறித்த பகுதிகளை யாரோ பிரதியெடுத்துக் கோட்டுக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இப்போது எங்களுக்கு ரெப்பே கிடையாது. ஹெர்ஷெல்தான் வாசிக்கிறார். வாரம் முழுக்கத் தூசியில் இருமும் மனுஷன் அந்த நேரத்தில் வேறு ஆள். அந்த வாசிப்பும் நின்றுவிட்டால் முப்பது குடும்பமும் முப்பது பக்கம் போகும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை ஹைஃபாவிலிருந்து செத்துப்போன டாக்டர் ஒருவரின் மகள் பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். அடியில் அது இருந்தது. எல்லாம் ஆண்டவனுக்குச் சொந்தம், இப்போதைக்கு என் கையில் இருக்கிறது என்று எழுதித்தான் எங்கள் ஆட்கள் புத்தகத்தில் பெயர் போடுவது வழக்கம். முதல் தாளில் அப்படி எழுதி மெயிர்லெயிப் என்று கையெழுத்து. கீழே அவர் மருமகன் பெயர். அதற்கும் கீழே வார்சாவில் ஏதோ நூலகத்தின் முத்திரை, கடைசியில் டாக்டர். ஓரங்களில் ஷின், கோஃப். ஹெர்ஷெல் தரையில் உட்கார்ந்து, அட்டையை முத்தமிட்டு அழுதார். நானும் அழுதேன்.

மறுநாள் காலை சுந்தெல் வந்தார். புரட்டினார். வீட்டுக்குப் போய், ராபி அவிக்தோர் கைப்பட எழுதிய தாள்களை உறையோடு கொண்டுவந்தார்.

"ஏம்பா ஹெர்ஷெல், இந்த ஷின்னைப் பாரு. இடது கால் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கா? இப்ப உன் புஸ்தகத்துல பாரு."

ஒரே கையெழுத்து. குருடனுக்கும் தெரியும்.

"இது உங்க ரெப்பே எழுத்தே இல்ல. எங்க பெரியவர் எழுத்து! ஷபாத்தும் இல்ல, கோதேஷும் இல்ல. ஷெக்கெர்! அவசரத்துல ரெண்டு எழுத்தோட விட்டிருக்காரு." அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அவரு பொய்னு குறிச்ச இடத்தையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி ஓதிட்டு இருக்கீங்களேப்பா, இத்தனை தலைமுறையா!"

ஷெக்கெர் என்றால் பொய். எங்கள் எழுத்தில் ஷின், கோஃப், ரேஷ் என்று மூன்று எழுத்து.

ஹெர்ஷெல் புத்தகத்தை மூடினார். முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்ததும் சுந்தெலின் சிரிப்பும் நின்றது. போகவும் தெரியாமல் இருக்கவும் தெரியாமல் வாசலில் நின்றார்.

"நாளைக்கு வாசிக்க மாட்டேன்," என்றார் ஹெர்ஷெல். "எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

"சொல்லிட்டு? கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து மளிகைக்கடையில குடுத்துடுவீங்களா?" என்றேன்.

"ஷபாத் அன்னிக்கு மேசையில உக்காந்து பொய் சொல்லச் சொல்றியா, பெர்ல்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா போதும்."

"அதுவும் பொய்தான்."

இந்த மனுஷனின் நேர்மையைக் கட்டிக்கொண்டு நான் பட்டபாடு கொஞ்சமில்லை. சுந்தெலைப் பார்த்து, "வயிறு நிறைஞ்சுதா உங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

கைக்கு வேலை வேண்டும்போல இருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். எந்தப் பழைய புத்தகம் வந்தாலும் தாள் தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். புழு அரித்ததும் ஒட்டுப்போட்டதும் அப்போதுதான் தெரியும். முதல் குறிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. ஓட்டை இல்லை, தாள் மெலிந்திருந்தது. அடுத்த குறிக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். எல்லாம் கோஃபுக்கு அடுத்த இடத்தில்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க," என்றேன்.

யாரோ கத்தி முனையால் ஒரு எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். சுருக்கம் என்று காட்ட இரண்டு எழுத்துக்கும் நடுவே மேலே போடும் இரட்டைக் கோட்டின் மை வேறு, செம்பழுப்பு. முதல் தாளில் மெயிர்லெயிப் என்று எழுதிய அதே மை.

சுந்தெல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"ரேஷ்," என்றார் கடைசியில். "முழுசாத்தான் எழுதியிருக்காரு. எங்க பெரியவர் எதையும் அரைகுறையா விட்டவர் இல்ல. எனக்கே தோணியிருக்கணும்."

"அப்போ ரெப்பேக்குத் தெரியும்," என்றார் ஹெர்ஷெல். "பொய்னு எழுதி வந்ததைப் படிச்சிருக்காரு. படிச்சிட்டுத்தான்..." அவரால் முடிக்க முடியவில்லை. மீதியை நானே மனதுக்குள் முடித்தேன். வீட்டுக்குள் நுழைந்து பிடுங்கிக்கொண்டு போனவன் எழுதியனுப்பிய வசவை, ஒரு எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, ஆயுசு முழுக்க ரெப்பே ஓதியிருக்கிறார்.

மறுநாள் பொழுது சாய, ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் வைத்த மேசையில் ஹெர்ஷெல் எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றுவிடாமல். நாங்கள் பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுந்து போகவில்லை. பிறகு அவர் வாசிக்கத் தொடங்கினார். மூன்றாம் சாப்பாட்டில் நாங்கள் விளக்குப் போடுவதில்லை. அவருக்கு எல்லாம் மனப்பாடம். முதல் பகுதியை முடித்து, எப்போதும்போல "ஷபாத் கோதேஷ்" என்றார்.

"ஷெக்கெர்," என்றது ஒரு குரல், கடைசி பெஞ்சிலிருந்து.

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. எல்லோரும் திரும்பியிருப்பார்கள்.

"என்ன பாக்குறீங்க?" என்றார் சுந்தெல் இருட்டில். "எங்க பெரியவர் பங்கை யாராவது சொல்லணுமில்ல? அடுத்ததைச் சொல்லு, ஹெர்ஷெல்."