அப்பாசாமி வெள்ளையடித்த வீடு

சுண்ணாம்பு வெற்றிலையில் தடவத்தான் இருக்கிறது. சுவரில் பூசுகிறவன் பூசட்டும், அது கீழ்நாட்டுக்காரன் பாடு. ஆனால் மலைமேல் சாமை விதைத்துச் சாப்பிடுகிற ஒரு மனிதன், அதுவும் என் அக்காளைக் கட்டிய மனிதன், காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஆறு மூட்டைச் சுண்ணாம்பைத் தலைச்சுமையாக மலையேற்றித் தன் வீட்டு முகப்பில் பூசுவான் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவன் வாயை மோந்து பார்த்திருப்பேன்.

அவர் பெயர் அப்பாசாமி. கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அந்தக் கோடையில் காளப்பநாயக்கன்பட்டிப் பண்ணைக்காரர் ஒருவர் சுண்ணாம்புக் காரை பூசிய வீடு கட்டினார். மண் சுமக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இவர் இறங்கிப் போனார். மூன்று மாதம் மண் சுமந்தார். திரும்பி வரும்போது ஒரு பைத்தியத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்தார்.

"கந்தப்பா, ஊட்டுக்கு மொகம்னு ஒண்ணு வேணும்" என்றார், வந்த அன்றே. "தடத்துல போறவன் நின்னு பாக்கோணும். நம்ம ஊட்டைப் பாத்து எவன் நிக்கறான்?"

"நம்ம எருது நிக்குதுங்களே மச்சான். சாயங்காலமானா நேரா வந்து நிக்குது."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வீடு அவருடைய அப்பா கட்டியது. மண்சுவர், நெஞ்சளவுக்குத் தாழ்ந்த புல் கூரை. தடத்தைப் பார்த்த வாசலில் ஒரு பக்கம் குப்பைமேடு, அதாவது மாட்டுச் சாணியும் தழையும் வருசக்கணக்காகச் சேர்ந்து நிற்கிற எரு. இன்னொரு பக்கம் தானியம் வைக்கிற தொம்பை இரண்டு, மூங்கிலில் பின்னிச் சாணி மெழுகியவை, ஆள் உயரத்துக்கு மேல். மூலையில் பலாமரம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு வருச மிளகுக்கொடி. எங்கள் பக்கம் எல்லா வாசலும் இப்படித்தான். குப்பைமேட்டைப் பார்த்தால் மாடு எத்தனை என்று தெரியும். தொம்பையைப் பார்த்தால் அடுத்த பஞ்சத்தைத் தாங்குவானா என்று தெரியும். கொடியைப் பார்த்தால் சந்தையில் அவன் சொல்லுக்கு மதிப்பு உண்டா என்று தெரியும். வீட்டுக்காரன் வாயைத் திறக்கவே வேண்டாம். இதே அப்பாசாமி என் அக்காள் கண்ணாயியைப் பெண் பார்க்க வந்தபோது, எங்கள் வீட்டுக் குப்பைமேட்டைத் தடியால் குத்தி ஆழம் பார்த்தவர். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவருக்கு ஒரே மகள், பழனாயி. மலைக்கோயில் நோன்புக் கூட்டத்தில் வாசலூர்பட்டிச் சாமியப்பன் மகன் செங்கோடனைப் பார்த்துவிட்டு வந்து, நேராக என்னிடம்தான் சொன்னாள். "மாமா, கட்டுனா அந்த ஊட்டுக்குத்தான். இல்லீனா உங்க ஊட்டு மாட்டை மேச்சுக்கிட்டு இங்கயே கெடக்கறேன்." சொன்னால் சொன்னதுதான், அவள் அம்மா மாதிரி. நான் மூன்று தடவை வாசலூர்பட்டிக்கு நடந்தேன். சாமியப்பன் பிடிகொடுக்காத ஆள். மூன்றாவது தடவைதான், சாமை அறுப்பு முடிந்ததும் வந்து பார்க்கிறோம் என்றார்.

அறுப்புக்கு முன்னால் பதினைந்து நாள் நான் மேல்காட்டில் பன்றிக்குக் காவல் கிடந்தேன். அறுத்து முடித்த கையோடு, வீட்டுக்குக்கூட வராமல், அப்படியே வாசலூர்பட்டி போய் அவர்களைக் கூட்டி வந்தேன். சாமியப்பன், அவர் மைத்துனர் காளியண்ணன், மாப்பிள்ளைப் பையன் செங்கோடன். வழியெல்லாம் என் மச்சானின் தொம்பையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தேன். கொடியைப் பற்றியும் பேசினேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

ஊர் வந்ததும் காளியண்ணன் கேட்டார். "ஏனுங்க, பாரஸ்ட் பங்களா இந்தப் பக்கம் எப்ப வந்துச்சு?"

பார்த்தேன். தடத்தோரம் பளீரென்று ஒரு வெள்ளை வீடு. எங்கள் மலையில் வெள்ளையடித்தது என்றால் வனத்துறைக்காரர்கள் தங்குகிற அந்தப் பங்களா ஒன்றுதான். அதைக் கடக்கும்போது குற்றம் செய்யாதவனும் நடையை எட்டிப் போடுவான். நாங்களும் எட்டிப் போட்டோம். பத்தடி தாண்டிப் போய்விட்டோம். அக்காளின் கறுப்பு நாய் வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்து என் காலை நக்கிய பிறகுதான், அது மச்சான் வீடு என்று உறைத்து எனக்கு உயிர் போனது.

குப்பைமேடு இல்லை. தொம்பை இல்லை. இருந்த இடத்தில் ஓடை மணலைப் பரப்பிச் சீவி வைத்திருந்தது. பலாமரம் இடுப்பளவுக்குச் சுண்ணாம்பும் அதற்கு மேல் செம்மண் பட்டையுமாக, குளிப்பாட்டிய பிணம் மாதிரி நின்றது. கொடி இல்லை. சுவரை மறைக்கிறது என்று அடியோடு வெட்டியிருந்தார். பன்னிரண்டு வருசக் கொடி. நடுவில் துவைத்த வேட்டியோடு, தலைமயிரில் சுண்ணாம்போடு, வாயெல்லாம் பல்லாக அப்பாசாமி நின்றார்.

"வாங்க, வாங்க. ஊடு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். கேட்டாரே அதை. அவருக்குப் பின்னால் வாசல்படியில் நின்ற அக்காள், தொம்பையும் எருவும் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டதை எனக்குக் கையால் காட்டினாள்.

யாரும் வாசலில் கால் வைக்கவில்லை. எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் தடத்திலேயே நின்று வாசலைப் பார்ப்பார்கள். மனசுக்குப் பட்டால் உள்ளே வந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். குடித்துவிட்டால் பாதிச் சம்மதம். சாமியப்பன் கண் வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வெறுமையாகத் திரும்பி வந்தது.

என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "கந்தப்பா, உங்க மச்சான் மாடு கன்னெல்லாம் வித்துப்போட்டாருங்களா? இல்ல பாரஸ்ட்டுல வேலைக்குச் சேந்துட்டாரா?"

"ஐயோ, எல்லாம் பொறத்தால இருக்குதுங்க. தொம்பை ரெண்டும் இருக்குது. ஒரு எட்டு வந்து பாருங்க."

"தண்ணி குடிக்காத ஊட்டுக்குப் பொறத்தால நாங்க போறதில்லீங்க."

"அப்பத் தண்ணி குடிங்க."

"பாக்காம எப்பிடிங்க குடிக்கறது?"

இதை எங்கே போய் முட்டிக்கொள்வது. முப்பதடி தூரத்தில் சாமை நிறைந்த தொம்பை நிற்கிறது. பார்க்காமல் குடிக்க மாட்டார்கள், குடிக்காமல் பார்க்க மாட்டார்கள். வழக்கம் போட்டவனும் என் கையில் கிடைக்கவில்லை, சுண்ணாம்பு விற்றவனும் கிடைக்கவில்லை.

காளியண்ணன் மச்சானைப் பார்த்து மரியாதையாகவே சொன்னார். "ஊடு நல்லா இருக்குதுங்க. நாங்க காணாமப் போன கெடேரி ஒண்ணைத் தேடிக்கிட்டு வந்தமுங்க. இங்க இல்லையாட்ட இருக்குது. வாறமுங்க."

கிடேரியைத் தேடி வந்தோம் என்றால் பெண் வேண்டாம் என்று அர்த்தம். மலையில் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். அப்பாசாமி முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். நான் மச்சான் மேல் பாய்ந்தேன். "பிள்ளையார் புடிக்கப் போயி கொரங்கப் புடிச்சு வெச்சிருக்கறீங்களே. ஆரைக் கேட்டுக் கொடியை வெட்டுனீங்க? அக்கா பேச்சையாச்சும் கேட்டீங்களா? நீங்க பொண்ணுப் பாக்க வந்தப்ப எதைப் பாத்தீங்க, சொவத்தையா பாத்தீங்க?"

அவர் கையை விரித்துக் காட்டினார். எதற்குக் காட்டினார் என்று அவருக்கே தெரியாது. உள்ளங்கை இரண்டும் சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்து கிடந்தன.

"கீழ சிரிச்சாங்க கந்தப்பா" என்றார். "நான் மண்ணுக்கூடையோட நிக்கறேன், என்னை வெச்சுக்கிட்டே சொன்னாங்க. மலையான் ஊட்டு வாசல்ல சாணிதான் கோலம், அவன் புள்ளைய எவன் கட்டுவான்னு. மூணு மாசமும் சொன்னாங்க. நம்ம புள்ளையை ஆரும் அப்பிடிச் சொல்லிப்போடக் கூடாதுன்னுதான்."

திட்ட வாய் திறந்தேன். இத்தனை நேரம் இந்த மனிதர் மேல் வைத்திருந்த கோபத்தை அப்படியே தூக்கி, அந்தப் பண்ணைக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சிரித்தவர்கள் தலையில் கொட்ட வேண்டும் போல இருந்தது. அவர்கள் சோற்றில் மணக்கிற மிளகு எந்த வாசலிலிருந்து போகிறதாம்?

அப்போதுதான் பழனாயி வந்தாள். வீட்டுக்குப் பின்னாலிருந்து, தலையில் ஒரு பெரிய கூடையோடு, ஓடவில்லை, விறுவிறுவென்று நடந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அப்பனையும் பார்க்கவில்லை. குறுக்கே புகுந்து, போகிறவர்களுக்கு முன்னால் போய், தடத்தில் கூடையைக் கவிழ்த்தாள். சாமை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முள்வேலி. தடம் முழுக்கச் சாமை கிடந்தது. திரும்பிப் போனாள். இன்னொரு கூடை கொண்டுவந்து கொட்டினாள். மூன்றாவது கூடையை என் அக்காள் கொண்டுவந்தாள். கல்யாணமாகி இருபது வருசத்தில் அக்காள் ஒரு பிடி சாமையைக்கூடத் தரையில் சிந்தி நான் பார்த்ததில்லை.

மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். சாமையை மிதிக்கிற காலும் தாண்டுகிற காலும் மலையில் யாருக்கும் இல்லை.

"புள்ளைக்குத் திமிரப் பாரு" என்றார் காளியண்ணன்.

செங்கோடன் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தான். மண்டி போட்டு இரண்டு கையாலும் அள்ளத் தொடங்கினான். கல் வேறு, தானியம் வேறாகப் பார்த்துப் பார்த்து அள்ளினான்.

சாமியப்பன் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார். உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். வாயில் போட்டுக் கடித்தார்.

"இது இந்த வருசத்துச் சாமை இல்லையே கண்ணு."

"மூணு வருசத்துக்கு முந்துனதுங்க" என்றாள் பழனாயி. "போன வருசத்தது அடுத்த தொம்பையில இருக்குது. இந்த வருசத்தது இன்னும் களத்துல கெடக்குது. பொறத்தால வந்து பாக்க மாட்டேன்னு நீங்க சொன்னது காதுல உழுந்துச்சுங்க. அதான் இங்கயே கொண்டாந்தேன். பத்தாதுன்னா சொல்லுங்க, எருவும் ஒரு கூடை கொண்டாரேன்."

காளியண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமியப்பன் சிரிக்கவில்லை. மூன்று வருசச் சாமை வைத்திருக்கிற வீடு எங்கள் நாட்டில் நாலோ ஐந்தோ இருக்கும். அவர் வீட்டில் இரண்டு வருசத்ததுதான் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அள்ளினார். காளியண்ணனும் உட்கார்ந்தார். நான் கூடையைப் பிடித்தேன். கடைசிச் சாமை மணி வரைக்கும் பொறுக்கினோம், முட்டி தேய்ந்தது.

கூடையெல்லாம் நிறைந்ததும் சாமியப்பன் எழுந்து வாசல் மணலில் கால் வைத்தார்.

"ஒரு சொம்புத் தண்ணி கொண்டா சாமி" என்று பழனாயியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

எனக்கு மூச்சு வந்தது. பழனாயி உள்ளே போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். அவர் நீட்டிய கைக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். அப்புறம் அவரைத் தாண்டிப் போனாள். மணலில் இன்னும் குனிந்தே உட்கார்ந்திருந்த அவள் அப்பன் முன்னால் போய்க் குந்தினாள்.

"எங்கப்பன் மொதல்ல குடிக்கட்டுங்க" என்றாள், திரும்பாமலே. "விடிஞ்சதுல இருந்து பல்லுல தண்ணி படாம உங்களுக்காகத்தான் நின்னுக்கிட்டிருந்தாரு."

வெந்த கையால் சொம்பைப் பிடிக்க அப்பாசாமியால் முடியவில்லை. அவள் தூக்கி வார்த்தாள். அவர் குடித்தார், அழுதுகொண்டே, நிறையக் குடித்தார். சாமியப்பன் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்று காத்திருந்தார். அவருக்கு மிஞ்சியது ஒரு வாய்த் தண்ணீர். அதை வாங்கிக் குடித்தார்.