வெயில் கால மருமகள்

“அத்தை, என் மாத்திரைய எங்க வெச்சீங்க?”

மாமியார் காதில் விழாதவள் போல பிஸ்கட் தட்டை மூன்றாவது முறையாகத் துடைத்தாள். மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“பீரோவுல பத்திரமா இருக்கு. வர்றவங்க கண்ணுல அந்தக் கருமம் படணுமா? உனக்குத்தான் இப்ப நல்லா இருக்கே! மழை வரட்டும், நானே எடுத்துத் தர்றேன்.”

நன்றாகத்தான் இருந்தது. தையல்காரியான அந்த மருமகளுக்கு அதுதான் பயம். ஒரு வாரமாகத் தூக்கம் அரைகுறை. பள்ளிச் சீருடை மூட்டையில் முக்கால்வாசியை ஒரே மூச்சில் தைத்துத் தள்ளியவள், அதோடு நிற்காமல் ஜன்னலில் தொங்கிய கறுப்புத் திரையையும் கழற்றித் தெருவுக்கே பை தைத்துக் கொடுத்துவிட்டாள். விடியும்போதே வெளிச்சம் முகத்தில் விழாமல் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லி மாட்டிய திரை அது.

“வெயில் ஏற ஏற உங்க மனசும் ஏறும், மழை மூட்டம் போட்டா இறங்கும். இந்த நோயில சிலருக்கு அப்படித்தான். காலம் மாறுறதுக்கு முன்னாடியே வந்து காட்டுங்க. நல்லா இருக்குன்னு மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க” என்று அந்த டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பைபோலார் என்று நோய்க்குப் பெயரும் சொன்னார்.

வீட்டில் அதற்கு வேறு இரண்டு பெயர்கள் இருந்தன. கோடையில் இரவு பகல் பாராமல் மெஷினை மிதிக்கும்போது அவள் மகாலட்சுமி. மழைக்காலத்தில் போர்வைக்குள் சுருண்டு, தலைவாரக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும்போது மூதேவி. மகாலட்சுமிக்கு மாத்திரை கொடுத்து யாராவது கெடுப்பார்களா? போன கோடையில் மகாலட்சுமி ஏறி ஏறி, கடைசியில் நடுத்தெருவில் நின்று கத்தி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய் விழுந்தாள். அதைக் கண்பட்டுப் போனதாகச் சொல்லி வீடு கையைக் கழுவிக்கொண்டது. அந்தக் கட்டிலுக்கு இன்னொரு முறை போக அவளுக்குத் துணிவில்லை.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் மருந்துக்கடையில் வேலை செய்பவன். ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கைக்குத் தன் வீட்டு பீரோவைத் திறக்க மட்டும் வலுவில்லை.

“இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ” என்றான். ஒரு வாரமாக அவன் சொல்வது அதே ‘இன்னிக்கு ஒரு நாள்’தான்.

மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லித் தரும் வாத்தியார். டீ ஆறுவதற்குள், தெருச் சுவர் முழுக்க ஒரே படமாக வரையப்போவதாகவும், அடுத்து பாலம், அதற்கடுத்து ரயில் நிலையம் என்றும் பெண்ணிடம் சொல்லி முடித்திருந்தார். பெண் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கால் மட்டும் நாற்காலிக்கடியில் ஓயாமல் ஆடியது. தையல்காரிக்கு அந்தக் கால் தெரிந்த காலாக இருந்தது. அவள் காலும் மெஷினை விட்டு இறங்கிய பிறகும் இப்படித்தான் மிதிக்கும்.

“கல்யாணத்த மழைக்காலத்துல வெச்சுக்கலாங்க. அப்ப பையன் ரொம்ப அமைதியா இருப்பான்” என்றாள் வாத்தியாரின் அம்மா.

“மழையா? வேண்டாங்க, கோடையிலயே முடிச்சிடலாம். எங்க மருமக ஒருத்தியே பத்து ஆள் வேலை செய்வா. மழைன்னா அவளுக்குக் கொஞ்சம் இடுப்பு வலி.”

“கோடை அவனுக்கு ஆகாதுங்க. சூட்டு உடம்பு.”

இரண்டு தாய்மாரும் பேரம் பேசினார்கள். ஆளுக்கொரு மாதத்தைத் தள்ளினார்கள், ஆளுக்கொரு மாதத்தை இழுத்தார்கள். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ஒரு முகூர்த்தம் அமைந்தால் போதும், இரண்டு வீட்டு மானமும் தப்பித்துவிடும்.

தையல்காரிக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு வீட்டிலும் ஒரு பீரோ பூட்டியிருக்கிறது. அந்த வீட்டுக்குத்தான் இந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் போகப்போகிறாள்.

எழுந்து போய் மாமியாருக்கு முன் கையை நீட்டினாள்.

“பீரோ சாவி குடுங்க அத்தை. மாத்திரை போடணும்.”

மாமியாரின் முகம் செத்துப்போயிற்று. வந்தவர்கள் முன் மறுக்கவும் முடியாமல், இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள். “தலைவலி மாத்திரைங்க” என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொண்டாள்.

தையல்காரி எடுத்து வந்த அட்டையை வாத்தியார் உற்றுப் பார்த்தார். ஆடிய கால் நின்றது.

“இது தலைவலி மாத்திரை இல்லீங்களே. நானும் இதத்தான் போட்டுக்கிட்டிருந்தேன். பொண்ணு பார்க்கப் போறப்ப மந்தமா தெரியும்னு அம்மா எடுத்து அவங்க பையில வெச்சுட்டாங்க.”

 இரண்டு தாய்மாரும் ஒன்றாகப் பேசினார்கள்.

“சீக்க மறைச்சு என் பொண்ணு தலையில கட்டப் பார்த்தீங்களே, அடுக்குமா?”

“சீக்க மறைச்சு இந்தக் குடும்பத்துல என் புள்ளயத் தள்ளப் பார்த்தீங்களே, அடுக்குமா?”

சம்பந்திகளாக ஆகியிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருப்பார்கள்! வாத்தியாரின் அம்மா படியிறங்கினாள். வாத்தியார் பின்னாலேயே போய், அவள் தோளிலிருந்த பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

“நீங்க மொதல்ல மாத்திரையப் போடுங்க” என்று வாசலில் நின்று வாத்தியாரிடம் நாத்தனார் சொன்னாள். “கல்யாணத்தப் பத்தி அப்புறமா நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம்.”

தையல்காரி விருந்தாளிக்கு வைத்த தண்ணீரிலேயே மாத்திரையை விழுங்கினாள். கணவனிடம் போர்வையைக் கொடுத்து, “இத ஜன்னல்ல கட்டுங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்” என்றாள். அவன் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு ஸ்டூலைத் தேடினான்.

“சீருடை வாங்க ஆள் வருமே, மீதிய யாரு தைப்பா?” என்றாள் மாமியார். “சாவியக் குடு.”

தையல்காரி கழுத்தில் கிடந்த அளவு டேப்பின் நுனியில் சாவியைக் கோத்து முடிச்சுப் போட்டாள்.

“இது என்கிட்டயே இருக்கட்டும் அத்தை. மழைக்காலத்துலயும் நான்தான் இந்த வீட்டு மருமக.”